தம்பியின் மாத்திரையை நிறுத்தலாமா? கொரோனா பயத்தில் எழுதிய ஓர் அக்காவுக்குப் பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. "நாலு நாளா மாத்திரை கொடுக்கல டாக்டரம்மா, வெள்ளிக்கிழமையிலிருந்து பழையபடி மூணு மாத்திரையும் கொடுத்துடலாம்னு இருக்கோம்." அதைப் படித்ததும் மீதிக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு உங்கள் நம்பருக்குத்தான் முதலில் கூப்பிட்டேன். நல்லவேளை, அன்று வியாழக்கிழமை. போனில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் வண்டன்மேட்டிலும் குமுளியிலும் கம்பத்திலும் இதே மாத்திரையை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கிற வீடுகள் இன்னும் இருக்கும்.

மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அக்கா ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர், குடியிருப்பது எஸ்டேட் லயத்தில். கூட அம்மாவும் 36 வயதுத் தம்பியும். தம்பிக்குப் பதினோரு வருடமாக மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), அதற்குக் கடைசி நாலு வருடமாகக் குளோசபின் என்ற மாத்திரை தினம் 300 மில்லிகிராம், அதோடு சர்க்கரையும் உண்டு, ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. போன மாதம் பக்கத்து வீட்டிலும் பிறகு அம்மாவுக்கும் காய்ச்சல் வந்து, கிட் வைத்துப் பார்த்ததில் கொரோனா என்று தெரிந்திருக்கிறது. "மூளை மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கொரோனா போகிறவரை நிறுத்தி வை" என்று உறவுக்காரர் ஒருவர் சொல்ல, நிறுத்தியிருக்கிறார்கள். மனநோய் உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் மற்றவர்களைவிட மோசமாகுமா, மாத்திரை காரணமா, பீடியை உடனே பிடுங்கிவிடலாமா, திரும்பத் தடுப்பூசி போடணுமா, இவைதான் கேள்விகள். கடைசியாகச் சாப்பாட்டுத் தட்டு பற்றி ஒரு கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த நாலு நாள் கதை. குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால், அந்த மருந்துக்கு உடம்பு பழகியிருந்த பழக்கம் போய்விடும். அதற்குப் பிறகு பழைய அளவை ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து ஆள் மயங்கிச் சரியலாம், வலிப்பு வரலாம், இதயம் தடுமாறலாம். அதனால்தான் திரும்ப 12.5 மில்லிகிராமில், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பாதியில், ஆரம்பிக்க வேண்டும், அதுவும் மருத்துவர் கண் பார்வையில். தம்பியை அன்றே கூட்டிப்போனீர்கள், இப்போது மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வேளை மறந்துபோனது வேறு. இரண்டு நாள் தாண்டிவிட்டது என்றால் நீங்களாகவே கொடுக்காதீர்கள், கொடுக்காமல் சும்மாவும் இருக்காதீர்கள், உடனே போன் செய்யுங்கள்.

சரி, முதல் கேள்வி. மோசமாகுமா?

பொய் சொல்லி ஆறுதல் தர எனக்கு மனம் வரவில்லை. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான். 2020 மார்ச் முதல் மே வரை நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தில் கொரோனா உறுதியான 7,348 பேரை எடுத்துப் பார்த்தார்கள். வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை, இதய நோய், புகை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், மனச்சிதைவு வகை நோய் உள்ளவர்களிடம் இறப்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்காக இருந்தது. அந்த ஆய்வில் வயதுக்கு அடுத்தபடியாக இதுதான் பெரிய காரணமாக வந்தது. பதற்ற நோய் உள்ளவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) போன்றவற்றிலும் அந்த ஆய்வில் கூடுதல் தெரியவில்லை, ஆனால் 2021-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அவர்களுக்கும் மருத்துவமனையில் சேர வேண்டிவருவதும் இறப்பும் ஓரளவு கூடுதல் என்று வந்தது. அதே 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், கொரோனா கடுமையாகக்கூடிய நோய்களின் பட்டியலில் மனச்சோர்வையும் மனச்சிதைவையும் சேர்த்தது. பிரிட்டனில் அதற்கு முன்பே தடுப்பூசி வரிசையில் தீவிர மனநோய் உள்ளவர்களுக்குத் தனி முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். நம் நாட்டில் 2021 மார்ச் 1 முதல் 45 வயதைத் தாண்டிய இணைநோயாளிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தபோது வந்த இருபது நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு இல்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு.

ஆனால் அந்த 2.7 மடங்கை மனதில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். அது ஊசியே இல்லாத காலம், நியூயார்க் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த முதல் மூன்று மாதம். இப்போது வருகிற கொரோனா, ஊசி போட்டும் ஏற்கெனவே ஒருமுறை வந்தும் பழகிய உடம்பில் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ம் தேதியே அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. 2025 மே, ஜூனில் கேரளத்தில் எண்ணிக்கை கூடியபோதும் பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே தேறினார்கள். எல்லாருக்குமே ஆபத்து குறைந்திருக்கிறது, உங்கள் தம்பிக்கும்தான், ஆனாலும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொஞ்சம் கூடுதல். சர்க்கரையும் பீடியும் சேர்ந்திருப்பதால் அந்தக் கூடுதலைக் கவனிக்காமல் விட முடியாது.

ஏன் கூடுதல் என்பதைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் கையில் இருக்கிற விஷயங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நோயின் உள்ளேயே நோய் எதிர்ப்பு மண்டலத்தில் சில மாறுதல்கள் இருப்பதாகத் தெரிகிறது, அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. மீதி எல்லாம் வாழ்க்கை சம்பந்தப்பட்டது. குளோசபின், ஒலான்சபின் போன்ற மருந்துகளால் எடை கூடுகிறது, சர்க்கரை வருகிறது. பீடி நுரையீரலை முன்கூட்டியே கெடுத்துவைக்கிறது. பகலெல்லாம் படுத்தே கிடப்பது. பல பேர் நெருங்கிப் படுக்கிற இடம். தென்கொரியாவில் 2020 பிப்ரவரியில் முதல் கொரோனா மரணம் நடந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? சோங்டோ என்ற ஊரில் ஒரு மருத்துவமனையின் பூட்டிய மனநலப் பிரிவில். அந்தப் பிரிவில் சுமார் நூறு பேர் இருந்தார்கள், கிட்டத்தட்ட எல்லாருக்கும் தொற்றியது. தரையில் பாய் போட்டு அடுத்தடுத்துப் படுத்திருந்தவர்கள், வருடக்கணக்கில் உள்ளேயே இருந்தவர்கள்.

இவை எல்லாவற்றையும்விட, என் அனுபவத்தில் அதிகம் கொன்றது தாமதம். ஒரு மனநோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்பதை யாரும் நேரத்தோடு பார்ப்பதில்லை.

இதை நான் மற்றவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஐம்பது வயதைத் தாண்டிய என் நோயாளி ஒருவரின் மனைவி போன் செய்தார். வழக்கமாக வாசலில் நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டே இருப்பவர், இரண்டு நாளாகத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார் என்று சொன்னார். வீட்டில் இருந்தவர்கள் "இப்பத்தான் அடங்கியிருக்கார்" என்று நிம்மதிகூடப் பட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, காய்ச்சல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டேன், தொட்டுப் பார்த்து இல்லை என்றார், சரி நோய்தான் வேறு மாதிரி போகிறது என்று நினைத்து மாத்திரையில் ஒரு மாற்றம் சொல்லிவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஆக்சிஜன் 78. மூன்றாம் நாள் போய்விட்டார். இருபது வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன். மூச்சை எண்ணச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை அன்று நான் கேட்கவில்லை, அதனால்தான் இன்று உங்களிடம் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மனச்சிதைவு உள்ள பலர் வலியையும் மூச்சுத்திணறலையும் நம்மைப்போல எடுத்துச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் "நெஞ்சுக்குள்ள யாரோ உட்கார்ந்திருக்கான்" என்று சொல்வார்கள், நாம் அதை நோயின் பேச்சு என்று தள்ளிவிடுவோம். எனவே தம்பி என்ன சொல்கிறார் என்பதோடு நிறுத்தாமல், என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். பீடி கேட்காத நாள், எனக்கு அது காய்ச்சலைவிடப் பெரிய அறிகுறி. நடை தளர்வது, இருக்கிற இடத்தைவிட்டு எழாமல் இருப்பது, வழக்கத்தைவிட அமைதி, அல்லது திடீர்க் குழப்பம், சிறுநீர் போவது குறைவது, இதில் எது வந்தாலும் மூச்சை எண்ணுங்கள்.

எண்ணுவது சுலபம். அவர் உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். 20 வரை சாதாரணம். 24 தொட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், 30-ஐத் தாண்டினால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டி பிடியுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் இருந்தால் 94-க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் மலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் தப்பாகக் காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். இன்னொன்று, பீடி குடித்த கையோடு பார்த்தால் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடால் நிஜத்தைவிட நல்ல எண்ணாகக் காட்டக்கூடும். ஆகவே கருவி 96 என்று காட்டி, மூச்சு 28 இருந்தால், நான் மூச்சைத்தான் நம்புவேன்.

இப்போது அந்த உறவுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமா? அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். குளோசபின் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைக்கும், ஆபத்தான அளவுக்குக் குறைவது நூறில் ஒருவருக்கும் கீழே, அதுவும் பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில். அதைக் கண்காணிக்கத்தான் உங்களை ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறோம். ஆகவே குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால், கொரோனாவோ, டெங்குவோ, உங்கள் பக்கம் மழைக்காலத்தில் வருகிற எலிக்காய்ச்சலோ, எதுவாக இருந்தாலும் அன்றே ரத்தம் கொடுத்து மொத்த வெள்ளை அணுவும், அதில் ஒரு வகையான நியூட்ரோஃபிலும் பார்க்க வேண்டும். நியூட்ரோஃபில் 1500-க்குக் கீழே வந்திருந்தால் அந்தக் காகிதத்தோடு உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நிறுத்துவதா குறைப்பதா என்பது அங்கே, அந்த எண்ணைப் பார்த்து எடுக்கிற முடிவு. காய்ச்சல் வருவதற்கு முன்பே பயத்தில் நிறுத்தினால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது, நோய்தான் திரும்பி வரும், வந்தபிறகு அவர் முகக்கவசமும் போட மாட்டார், தண்ணீரும் குடிக்க மாட்டார், உங்களைப் பக்கத்தில் வரவும் விடமாட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு, பலருக்கும் இது தெரியாது. கடுமையான தொற்று வரும்போது உடம்புக்குள் குளோசபினின் அளவு தானாகவே ஏறும். ஈரல் அதைக் கழித்து வெளியேற்றுகிற வேலை, அழற்சி நேரத்தில் மந்தமாகிவிடுகிறது. பீடிப் புகை அந்த வேலையை வேகப்படுத்தி வைத்திருக்கிறது, ஆகவே பீடி குடிக்கிறவருக்கு நாங்கள் கொடுக்கிற அளவே அந்தப் புகையையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு. நுரையீரலுக்கு நல்லதென்று நினைத்து நீங்கள் ஒரே நாளில் பீடியைப் பிடுங்கினால், ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்கு வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஏறிவிடும். மருந்து ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டவில்லை, ஆனாலும் கூடுதல் மருந்து விழுங்கிய மாதிரி. நிக்கோட்டின் மிட்டாயோ தோலில் ஒட்டுகிற பட்டையோ இதைத் தடுக்காது, ஏனென்றால் வேலை செய்வது நிக்கோட்டின் இல்லை, புகையில் இருக்கிற தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மூன்றும் ஒன்றாக வரும். தொற்று இருக்கும், பீடி இருக்காது, அதோடு யாராவது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிவிட்டால் அதுவும் குளோசபினை ஏற்றும். அதிகமான தூக்கம், வாயில் வழக்கத்தைவிட எச்சில் வடிதல், தள்ளாட்டம், கை கால் வெட்டி இழுப்பது, இவை வந்தால் மருந்து அளவு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பீடியை விட வைக்க வேண்டும், கட்டாயம் விட வைக்க வேண்டும், ஆனால் நல்ல உடம்போடு இருக்கும்போது, மருத்துவரிடம் சொல்லி, மருந்தைக் குறைத்துக்கொண்டே. இதை நானே உங்கள் தம்பிக்குச் செய்து தருகிறேன், மருந்து பழைய அளவுக்கு ஏறி நிலைத்தபிறகு கூட்டி வாருங்கள்.

மலச்சிக்கலையும் மறக்காதீர்கள். சொல்லக் கூச்சப்படுகிற விஷயம்தான், குளோசபினில் அது உயிரையே எடுக்கக்கூடியது. காய்ச்சலில் தண்ணீர் குறையும்போது இன்னும் இறுகும். இரண்டு நாள் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்றால் சொல்லுங்கள். மயக்கமாக இருக்கும்போது கஞ்சிகூட வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள்.

லித்தியம் எடுக்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் எடுக்கும் ஒரு பெண்மணிக்குக் கொரோனாவில் உடம்புவலி என்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்தார்கள், வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் நாள் கை நடுங்கி, கால் பின்னி, வாய் குழறியது, "பழைய நோய் திரும்பிருச்சு" என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். லித்தியம் ரத்தத்தில் நச்சு அளவுக்கு ஏறியிருந்தது. பிழைத்துக்கொண்டார். லித்தியத்தோடு டைக்ளோஃபினாக்கும் வேண்டாம், இபுப்ரோஃபெனும் வேண்டாம், காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். தூக்க மாத்திரை எடுப்பவர்களும் மூச்சு வாங்குகிறபோது அதைத் தாங்களாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது, ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது.

அடுத்து நீங்கள் எழுதியிருந்த 2021 சம்பவம். தம்பிக்கு அப்போது கொரோனா வந்து கூட்டிப்போனபோது, "இந்த மாதிரிக் கேஸை இங்க வெச்சுக்க முடியாது, மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று வாசலிலேயே திருப்பியனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு அவரைப் பின்கட்டு அறையில் பதினான்கு நாள் பூட்டி வைத்ததையும். உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனமில்லை, அன்று உங்களுக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. ஆனால் அவர்கள் செய்தது தப்பு, சட்டப்படியும் தப்பு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 21-வது பிரிவில், உடல் நோயாளிக்குக் கிடைக்கிற அதே சிகிச்சை, அதே அவசர உதவி, அதே ஆம்புலன்ஸ் மனநோய் உள்ளவருக்கும் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே சட்டம்தான். இனி யாராவது அப்படிச் சொன்னால், சண்டை வேண்டாம், "இவருக்கு மூச்சு நிமிஷத்துக்கு 28, சர்க்கரை இருக்கு, அதைப் பாருங்க, மனசு சம்பந்தப்பட்ட மருந்து விவரம் இந்தத் தாள்ல இருக்கு" என்று எண்ணை முதலில் சொல்லுங்கள். மனச்சிதைவு என்ற சொல்லை முதலில் சொன்னால், பாதிப் பேர் அதற்குப் பிறகு காது கொடுப்பதில்லை. என் அனுபவத்தில், எண்ணை முதலில் சொன்னால் கையைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

அந்தத் தாளை இன்றைக்கே எழுதி வையுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், கடைசி ரத்தப் பரிசோதனைத் தேதியும் எண்ணும், சர்க்கரைக்கு என்ன மாத்திரை, பீடி எவ்வளவு, "சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கும் முன் மனநல மருத்துவரைக் கேட்கவும்" என்று ஒரு வரி, என் போன் நம்பர். கொரோனாவுக்கென்று ரிட்டோனவிர் சேர்ந்த மாத்திரை எழுதினாலும் இதே வரிதான், கேட்காமல் அதைக் குளோசபினோடு சேர்க்கவே கூடாது. ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், கம்பத்திலும் படிப்பார்கள், கட்டப்பனையிலும் படிப்பார்கள். மொழி இங்கே சின்ன விஷயம் இல்லை. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "பனி உண்டோ" என்று கேட்ட நர்ஸிடம், தோட்டத்திலிருந்து போன நம் ஊர்க்காரர் ஒருவர் "காலையில நல்ல பனிதான்" என்று வெளியே கைகாட்டியிருக்கிறார், சீட்டில் மூன்று நாள் காய்ச்சல் என்று ஏறிவிட்டது. காய்ச்சல் இல்லாமலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். மூச்சுத்திணறலுக்கு மலையாளத்தில் சொல்கிற ஸ்வாசம்முட்டல் என்ற சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் எந்த மாநிலம், எந்தப் பஞ்சாயத்து என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம்.

மாத்திரை கையிருப்பு. 2020 மார்ச் 25-க்குப் பிறகு கேரள-தமிழ்நாடு எல்லையில் குமுளியும் கம்பமெட்டும் போடிமெட்டும் அடைபட்டபோது என் நோயாளிகளில் எத்தனை பேருக்கு மாத்திரை தீர்ந்தது! பாஸ் கிடைக்கிறவரை செக்போஸ்டில் இந்தப் பக்கத்துக் கையிலிருந்து அந்தப் பக்கத்துக் கைக்குக் கவர் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் செய்த ஜீப் டிரைவர்களை நான் மறக்கவே மாட்டேன். இன்னொரு ஊரடங்கு வரும் என்று பயமுறுத்தவில்லை, மலைப்பாதையில் ஒரு மண்சரிவு போதும். எப்போதும் இரண்டு வாரத்து மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். ராத்திரி நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஊசி பற்றி. தம்பிக்கு இரண்டு ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அடுத்தது தேவையா, எங்கே கிடைக்கும் என்பதை அவர் சர்க்கரைக்குப் போகிற மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள், குளோசபின் எடுப்பது ஊசிக்குத் தடை இல்லை. வருடா வருடம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் தூக்கம் அதிகமாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை தம்பிக்குத் தொற்று வந்தால், பின்கட்டு அறை வேண்டாம். ஜன்னல் இருக்கிற முன்னறை, கதவு திறந்திருக்கட்டும், வாசலில் நாற்காலி போட்டு முகக்கவசத்தோடு யாராவது உட்காருங்கள். பூட்டிய அறையில் குரல்கள் கூடும், அதைவிட, பூட்டிய கதவுக்குள் மூச்சை எண்ண முடியாது. தேறிய பிறகும் ஒரு மூன்று மாதம் தூக்கத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் கொரோனா வந்த 62,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், 90 நாளுக்குள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை பதிவாகியிருந்தது, முன்பு எதுவுமே இல்லாதவர்களுக்குக்கூட. ஆக்சிஜன் தேவைப்பட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டால் தூக்கம் கெட்டுப் பேச்சு கூடலாம், அது எங்களுக்குச் சொன்னால் சமாளிக்கக்கூடியது. அப்புறம் நீங்கள். ஸ்டோர் வேலை, அம்மா, தம்பி, மூன்றையும் ஒரே ஆள் தூக்குகிறீர்கள், மேலே சொன்ன பதினெட்டுப் பேரில் உங்களை மாதிரி அக்காமார்களும் இருப்பார்கள். தூக்கம் வரவில்லை என்றால் உங்களுக்காகவும் ஒரு தடவை வாருங்கள்.

கடைசியாக அந்தத் தட்டு. "2021-ல இருந்து அம்மா அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சிருக்காங்க, இப்பவும் திண்ணையிலதான் சாப்பிடறான், இனி எங்களோட உட்காரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொற்று வந்த ஒருவரிடமிருந்து பரவுகிற காலம் பொதுவாகப் பத்து நாள்தான். நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த முறை தொற்று வந்தது அம்மாவுக்கு, தம்பிக்கு இல்லை, அம்மாவும் இப்போது தேறிவிட்டார். அந்தத் தட்டையும் மற்ற தட்டுகளோடு சேர்த்துக் கழுவி அடுக்கிவிடுங்கள், இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரை உள்ளே கூப்பிடுங்கள். முதல் இரண்டு நாள் வர மறுப்பார், பழகிவிட்டதல்லவா, அவசரப்படுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.